பழுது எங்கே?

மடிக்கணினி ஹெட்போனை அறிய மறுத்தால் நாம் செய்வது என்ன? நான்கு முறை பிடுங்கிச் செருகுகிறோம். ஒருமுறை கணினியை அணைத்து ஏற்றுகிறோம். பிறகு கடைத்தெருவுக்குப் புறப்பட்டு விடுகிறோம். கடைக்காரர் ‘புதிது வாங்கு’ என்றால் புதிது. ‘போர்டு போயிற்று’ என்றால் போர்டு! அறிவியல் கற்கும் நாம், அறிவியலை ஆய்வுக்கூட வாயிலிலேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறோம் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆய்வுக்கூடத்தில் ஐயத்துக்குரிய பொருளை நன்கறிந்த பொருளோடு ஒப்பிடுகிறோம். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுகிறோம். இங்கும் அதுவே வழி. உங்கள் ஹெட்போனை வேறொரு கருவியில் செருகிப் பாருங்கள். அங்கே பாடினால் அது குற்றமற்றது. நண்பரின் நல்ல ஹெட்போனை உங்கள் கணினியில் செருகிப் பாருங்கள். அதுவும் ஊமையானால் குற்றம் கணினியுடையது. தனித்தனியே இரண்டும் நன்றாயிருந்து, சேர்ந்தால் மட்டும் ஒத்துவரவில்லையா? பொருத்தத்தில் பிழை. மைக் உள்ள ஹெட்போனின் செருகியில் நான்கு தொடுபகுதிகள் உண்டு. அவற்றுள் மைக்கும் தரையிணைப்பும் இடம் மாறிய இருவேறு முறைகள் உள்ளன. ஒன்றுக்கு அமைந்த துளையில் மற்றது சரிவரப் பேசாது.

கணினிதான் குற்றவாளி என்றால் உள்ளே நடப்பதை அறிதல் வேண்டும். பெரும்பாலான 3.5 மில்லிமீட்டர் துளைகளில் ஒரு சிறு விசை உண்டு. செருகி முழுதும் இறங்கியதும் அவ்விசை ஒலிச் சில்லுக்குச் செய்தி தருகிறது. சில்லின் செய்தியை டிரைவர் என்னும் மென்பொருள் இயங்குதளத்திடம் சேர்க்கிறது. இச்சங்கிலியில் எக்கண்ணி அறுந்தாலும் கணினி ஹெட்போனை அறியாது.

ஆகவே வரிசையாகச் செல்லுங்கள். கணினியை அணைத்து, டார்ச் அடித்துத் துளையைப் பாருங்கள். தூசி அடைந்திருந்தால் காற்றால் ஊதுங்கள். ஊசி விட்டுக் குடையாதீர்கள். அடுத்து, ஒலி அமைப்புகளில் வெளியீட்டுக் கருவியாக எது தேர்வாகியுள்ளது என்று பாருங்கள். பின்னர் டிரைவர்: விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் ஒலிக் கருவியை நீக்கி மறுபடி தொடங்குங்கள். அதிலும் தீரவில்லையெனில், கணினி நிறுவனம் உங்கள் மாடலுக்கென்று தரும் டிரைவரை நிறுவுங்கள்.

இன்னும் ஐயமா? பென்டிரைவிலிருந்து லினக்ஸை, நிறுவாமலே, ஏற்றிப் பாருங்கள். அங்கே ஹெட்போன் பாடினால் துளையும் சில்லும் நலம், பழுது மென்பொருளில். பாடாவிட்டால் உடனே துளையைப் பழிக்க வேண்டா. அச்சில்லை லினக்ஸும் அறியாதிருக்கலாம். கம்பியில்லா ஹெட்போனுக்கோ முதற்கேள்வி வேறு: அது பையிலுள்ள கைப்பேசியோடு முன்னரே இணைந்துவிட்டதா?

‘படிக்க வந்த நமக்கு இந்த வேலை எதற்கு?’ என்பார் உளர். இது படிப்பன்றி வேறென்ன? மேலும், மொழி அரைகுறையாய்த் தெரிந்த ஊரில் வாழ்கிறோம். காரணம் அறியாதவன் கடையில் கேள்வி கேட்க முடியாது. சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். உதவித்தொகையை எண்ணி எண்ணிச் செலவழிப்பவனுக்கு அது சிறு இழப்பன்று. ‘ஹெட்போன் பிற இடத்தில் பாடுகிறது; இத்துளையில் மட்டும் பாடவில்லை’ என்று அவ்வூர் மொழியில் இரண்டு வாக்கியம் சொல்லக் கற்றவன் நிமிர்ந்து நிற்பான். பழுது பார்ப்போரை நான் குறைகூறவில்லை. துளை உண்மையிலேயே உடைந்திருந்தால் அவர் கைத்திறன்தான் துணை. அதற்கும் வழியில்லையெனில் யுஎஸ்பியில் செருகும் சிறிய ஒலித்துண்டு ஒன்று அத்துளையையே தேவையற்றதாக்கும்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நல்ல ஹெட்போன் ஒன்று, ஒலித்துண்டு ஒன்று, லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் ஒன்று — இம்மூன்றையும் சங்க அறையில் வைப்போம். பொங்கல் விழாவுக்கு ஒலிபெருக்கி வாடகை கொடுக்கும் நமக்கு இது பெருஞ்செலவன்று. முதலாண்டுத் தம்பியோ தங்கையோ ஊமைக் கணினியோடு வந்தால், மூத்தோர் அதை வாங்கிச் சரிசெய்து கொடுத்துவிட வேண்டா. பக்கத்தில் நின்று, ‘பழுது எங்கே?’ என்று மட்டும் கேளுங்கள். விடையை அவர்களே காணட்டும்!