பவரா, நார்மலா? திண்டிவனம் பங்க்கில் கேட்கும் கேள்விக்குப் பின்னால் இருக்கும் ஆக்டேன் கணக்கு

சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் கிளம்பி திண்டிவனம் வந்து பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தினால், முதலில் வரும் கேள்வி இதுதான்: “பவர் போடவா சார், நார்மலா?”

சாதாரண காராக இருந்தால் பலரும் யோசிக்காமல் “நார்மல்” என்று சொல்லிவிடுவார்கள். கையில் இருப்பது டர்போ பெட்ரோல் கார் என்றால், அதிலும் செகண்ட் ஹேண்டில் ஆசைப்பட்டு வாங்கிய போலோ ஜிடி, ஆக்டேவியா ஆர்எஸ் மாதிரி வண்டி என்றால், அந்த ஒரு நொடி தயக்கம் வரும். விலை அதிகமான பெட்ரோல் போட்டால் பிக்அப் கூடுமா? போடாவிட்டால் இன்ஜின் போய்விடுமா? இப்போது எல்லா பங்க்கிலும் வருகிற 20 சதவீத எத்தனால் பெட்ரோல் (இ20) இந்தக் கணக்கில் எங்கே வருகிறது?

ஆக்டேன் என்றால் என்ன?

ஆக்டேன் எண் பெட்ரோலின் ‘சக்தி’யை அளப்பதில்லை. அழுத்தத்தையும் சூட்டையும் தாங்கி, ஸ்பார்க் பிளக் பொறி வைக்கும் வரை தானாகத் தீப்பிடிக்காமல் பெட்ரோல் பொறுமையாக இருக்குமா என்பதைத்தான் அது அளக்கிறது. 91 என்றால் பொறுமை கொஞ்சம் குறைவு, 95 என்றால் கூடுதல், 100 என்றால் இன்னும் கூடுதல்.

பொறி வைத்த பிறகு சிலிண்டருக்குள் தீ ஒரு பக்கத்திலிருந்து சீராகப் பரவ வேண்டும். அது பரவி முடிவதற்குள் மூலையில் மிச்சமிருக்கும் கலவை சூட்டில் தானாகவே வெடித்தால், அதுதான் ‘நாக்கிங்’. மெக்கானிக்குகள் ‘இன்ஜின் தட்டுது’ என்று சொல்வது இதைத்தான்.

டர்போ காருக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவலை?

டர்போ, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கிறது. அதனால்தான் 1 லிட்டர் இன்ஜினே 100 குதிரைத்திறனைத் தாண்டுகிறது. அழுத்தம் கூடக்கூட சூடும் கூடும், நாக்கிங் வரும் வாய்ப்பும் கூடும்.

இன்றைய கார்களில் நாக் சென்சார் இருக்கிறது. தட்டுகிற அதிர்வு வந்ததும் கம்ப்யூட்டர் பொறி வைக்கும் நேரத்தைத் தள்ளிப் போடும். இன்ஜின் தப்பிக்கும், ஆனால் பவர் குறையும். எரிவது தாமதமாவதால் புகைபோக்கி வழியாகப் போகும் வாயுவின் சூடு ஏறும். டர்போவும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் அதைத் தாங்கியாக வேண்டும். சித்திரை வெயிலில், ஏசி போட்டு, நாலு பேர் உட்கார்ந்து விக்கிரவாண்டி பக்கம் லாரியை ஓவர்டேக் செய்யும்போது கார் ‘இழுக்கலை’ என்று தோன்றினால், இது ஒரு காரணமாக இருக்கலாம்.

91க்கு வடிவமைத்த சாதாரண இன்ஜினில் 100 ஆக்டேன் ஊற்றினாலும் சொல்லிக்கொள்ளும்படி பவர் கூடாது. அதைப் பயன்படுத்திக்கொள்ளும் அழுத்தம் அந்த இன்ஜினில் இல்லை.

இ20 வந்த பிறகு என்ன மாறியது?

இந்தியாவில் 2014-ல் பெட்ரோலில் எத்தனால் 1.5 சதவீதம். 2022-ல் 10 சதவீதத்தைத் தொட்டது. 2030-க்கு வைத்திருந்த 20 சதவீத இலக்கை முன்னுக்கு இழுத்து, 2025-லேயே எட்டிவிட்டார்கள்.

எத்தனாலின் ஆக்டேன் எண் சுமார் 108.5, அதைக் கலப்பதால் பெட்ரோலின் ஆக்டேன் ஏறக்குறைய 95 ஆகிவிட்டது என்பது 2025 ஆகஸ்டில் மத்திய பெட்ரோலிய அமைச்சகம் தந்த விளக்கம். எத்தனால் ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கவும் செய்யும். நாக்கிங் கோணத்தில் மட்டும் பார்த்தால் டர்போ காருக்கு இது நல்ல செய்திதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதாவது ஆக்டேன் கூடியிருக்கிறது, சத்து குறைந்திருக்கிறது.

மைலேஜ் எவ்வளவு அடிவாங்கும்?

பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021-லேயே நிதி ஆயோக் அறிக்கை கணக்கிட்டது. இ20-க்கு ஏற்ப டியூன் செய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 15 கி.மீ. தரும் காரில் 40 லிட்டர் நிரப்பினால் 600 கி.மீ. ஓடும். 6 சதவீதம் குறைந்தால் 36 கி.மீ. போச்சு. ஏறக்குறைய திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை உள்ள தூரம் அது. ஒவ்வொரு ஃபுல் டேங்குக்கும் 240 ரூபாய்க்கு மேல் நஷ்டம். ஆனால் பங்க்கில் விலை குறையவில்லை.

இன்ஜின் ஆரோக்கியம்?

2023 ஏப்ரல் முதல் வந்த கார்களின் ரப்பர் குழாய், சீல் போன்றவை இ20-ஐத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய வண்டிகளில் இவை சீக்கிரம் தேயலாம், மாற்ற வேண்டி வரலாம். ஒரே நாளில் இன்ஜின் வெடித்துவிடாது. ஆனால் சர்வீஸில் ஒரு கண் வைக்க வேண்டும்.

எத்தனால் ஈரத்தை இழுக்கும். வார இறுதியில் மட்டும் எடுக்கிற காரை, அரை டேங்க்கோடு மழைக்காலம் முழுக்க நிறுத்தி வைப்பது நல்லதல்ல. டேங்கில் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தங்கிவிடும்.

அப்போ 100 ஆக்டேன்?

இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் எக்ஸ்பி100-ஐ அறிமுகப்படுத்தியபோது லிட்டர் 160 ரூபாய். சூப்பர் கார், சூப்பர் பைக்குகளை மனதில் வைத்து வந்தது இது. பெரிய நகரங்களில் குறிப்பிட்ட பங்க்குகளில்தான் கிடைக்கும். நெடுஞ்சாலையில் அதை நம்பிக் கிளம்ப முடியாது. 95 என்று எழுதியிருப்பதாலேயே அதில் எத்தனால் இல்லை என்று அர்த்தமும் இல்லை.

விருப்பம் யாருக்கு?

எத்தனால் இல்லாத பெட்ரோலையும் வாங்கும் வாய்ப்பு வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கச்சா எண்ணெய் இறக்குமதிச் செலவு குறைகிறது, கரும்பு, மக்காச்சோள விவசாயிக்குப் பணம் போகிறது என்பது அரசின் வாதம். விழுப்புரத்துக்கு இது தூரத்துக் கதை அல்ல. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டரும் இதே ரோட்டில்தான் போகிறது. விவசாயிக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டும் என்பதில் கார்க்காரர்களுக்கும் சண்டை இல்லை. அந்தச் செலவில் ஒரு பங்கைப் பழைய வண்டிக்காரர் சத்தமில்லாமல் மைலேஜில் கட்டுகிறாரே, அதை யார் ஈடுகட்டுவது என்பதுதான் கேள்வி.

என்ன செய்யலாம்?

• பெட்ரோல் டேங்க் மூடியின் உள்பக்கமும் கார் கையேட்டிலும் குறைந்தபட்ச ஆக்டேன் எண் இருக்கும். 91 என்றால் நார்மல் போதும். 95 என்றால் அதற்குக் கீழே போக வேண்டாம்.

• ‘ஸ்டேஜ் 1’ ரீமேப் செய்த காரா? எந்த ஆக்டேனுக்கு டியூன் செய்தார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குறைவான ஆக்டேன் கிடைத்தால் ஆக்சிலரேட்டரில் நிதானம் தேவை. வாரண்டி போயிருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

• டாப் கியரில் வண்டி மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்காதீர்கள். டர்போ இன்ஜினை அதிகம் வதைப்பது இதுதான். ஒரு கியர் இறக்கி ஓவர்டேக் செய்யுங்கள்.

• 2023-க்கு முந்தைய கார் என்றால், அடுத்த சர்வீஸில் பெட்ரோல் குழாய், ஃபில்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை திண்டிவனத்தில் “பவரா, நார்மலா?” என்று கேட்டால், பதிலை மூடியின் உள்பக்கம் பார்த்துச் சொல்லுங்கள்.