விழுவாரும் நகுவாரும்

ஒருவர் விழக் கண்டு மற்றவர் நகுதல் இழிகுணத்தின்பாற்படும் என்பது பெரியோர் கொள்கை. சண்டையும் நகைச்சுவையும் விரவிய திரைப்படங்களைக் கண்டு களிக்கும் இளைஞரை அவர்கள் ஏளனமாக நோக்குதற்கும் இதுவே காரணம் போலும். தமிழ் இலக்கியம் பயிலும் மாணவராகிய யாமும் நெடுநாள் அவர் பக்கமே நின்றோம். அப்படங்களை மறைவிற் கண்டும் வெளியிற் பழித்தும் வந்தோம் என்பதே உண்மை. சென்ற கோடை விடுமுறையில் ஊரூர் ஒல்காட் குப்பத்திற் கழித்த ஒரு மாலைப்பொழுது எம் கருத்தை மாற்றிற்று. எம்மைச் சிறிது நாணவும் செய்தது. அதனை இவ்விதழ் வாயிலாக நம் கல்லூரி அன்பர்கட்கு உரைக்க விழைகின்றோம்.

அடையாறு கடலொடு கலக்குமிடத்திற்குத் தெற்கே, பெசன்ட் நகரின் மாடிவீடுகட்கு அணித்தாக அமைந்தது அக்குப்பம். பிரமஞான சபையை நிறுவியோருள் ஒருவராகிய ஆல்காட்டின் பெயரை அது தாங்கி நிற்கின்றது. முகத்துவாரத்தின்மீது 1967ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற பாலமொன்று 1977இல் இடிந்து வீழ்ந்தது. 'உடைந்த பாலம்' என ஊரார் வழங்கும் அதன் எஞ்சிய பகுதியில் திரைப்படக் காட்சிகள் பல எடுக்கப்பெற்றுள்ளன. ஆதலின் அக்குப்பத்துச் சிறுவர்க்குத் திரைப்படச் சண்டை தொலைவிலுள்ள பொருளன்று. நாயகனுக்காக 'டூப்' ஒருவர் விழுவதும், விழுந்தவர் எழுந்து மணலைத் தட்டிவிட்டுத் தேநீர் அருந்தச் செல்வதும் அவர்கள் கண்டறிந்தவை.

எம் வகுப்புத் தோழர் ஒருவர் அக்குப்பத்தினர். அவர் இல்லத்தை அடுத்த கொட்டகையில் அவர் தந்தையார் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். ஒருபுறம் மீன்பெட்டியொன்றின்மேல் கைப்பேசியைச் சாய்த்துவைத்துச் சிறுவர் அறுவர் தலையோடு தலை முட்டப் படம் பார்த்திருந்தனர். ஹாங்காங்கு நடிகர் ஜாக்கி சான் 1983இல் இயற்றி நடித்த 'பிராஜக்ட் ஏ' என்பது அப்படம். பேச்சு சீன மொழி. ஒரு சொல்லும் எவர்க்கும் விளங்கவில்லை. எவரும் அதுபற்றிக் கவலையுற்றாருமிலர். நாயகன் மணிக்கூண்டின் முள்ளைப் பற்றித் தொங்குகின்றான், கை நழுவுகின்றது, கீழே கட்டிய துணிப்பந்தல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கிழித்துக்கொண்டு தரையில் வீழ்கின்றான். 1923இல் ஹெரால்ட் லாயிட் என்னும் அமெரிக்க நகைச்சுவை நடிகர் கடிகார முள்ளிற் றொங்கிய ஊமைப்படக் காட்சிக்குச் செய்த வணக்கம் அது. லாயிட் விழவில்லை; இவர் விழுந்தார், ஒருமுறையன்று.

படம் முடிந்ததெனக் கருதி எழுந்தோம். "குந்துண்ணா, இனிமேதான் இருக்குது" என்று ஒரு சிறுவன் எம் கையைப் பற்றி இழுத்தான். பெயர்கள் ஓடும்பொழுது, எடுத்துப் பிழைத்த காட்சிகள் தோன்றின: குறி தப்பி விழுந்தவர், வலியால் முகஞ்சுளித்தவர், பிறர் தாங்கி எழுப்ப எழுந்தவர். அதுகாறும் தலை நிமிராதிருந்த தோழரின் தந்தையார் வலையூசியைக் கீழே வைத்துவிட்டு நோக்கினார்.

"கயிறு கட்டலையா இவங்க?" என்று வினவினார்.

"கயிறு கட்டினா அது இன்னா ஃபைட்டு, நைனா?" என்றான் தோழரின் தம்பி. சிறுவர் அனைவரும் நகைத்தனர். யாமும் நகைத்தோம்.

"கயித்த அவுத்துட்டா கட்டுமரம் ஏதுடா?" என்று கூறி அவர் மீண்டும் ஊசியை எடுத்துக்கொண்டார்.

இப்படங்களின் சுவை யாது என்பதை முதற்கண் ஆராய்வோம். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து நகையை முதலில் நிறுத்தினார். அச்சமும் மருட்கையும் பெருமிதமும் தனித்தனியே எண்ணப்பெற்றன. வகுப்பறையில் இவற்றை வேறுவேறாகப் பயின்ற எமக்கு, நான்கும் ஒரு நொடியில் ஒருங்கே எழக்கூடும் என்பது அவ்வலைக்கொட்டகையிற்றான் விளங்கிற்று. வடிவேலு அடிபட்டு உருளும்பொழுதும் நாம் நகுகின்றோம். அவர்க்கு நோவில்லை என்பதை அறிவோமாதலின் ஆண்டு அச்சத்திற்கு இடமில்லை. 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) என்னும் படத்தின் இறுதியில் மலைவிளிம்பில் வீடு ஊசலாடுகையில் அச்சம் சிறிது கலக்கின்றது. ஜாக்கி சானிடத்தோ, விழுபவர் மெய்யாகவே விழுகின்றார் என்னும் அறிவும், அவர் செய்யும் கோமாளி முகமும் ஒரே கணத்தில் நம்மைத் தாக்குகின்றன. வாய் நகைக்கக் கை நடுங்குகின்றது. இத்தகைய சுவையை இழிந்ததென ஒதுக்குதல் ஆராயாதார் கூற்று என்போம்.

அவ்வுடல் ஒரு நாளில் அமைந்ததன்று. 1954இல் பிறந்த ஜாக்கி சான் இளமையிலேயே யூ ஜிம்யுவென் என்னும் ஆசிரியரின் பீக்கிங் இசைநாடகப் பள்ளியிற் சேர்க்கப்பெற்றுக் கரணமும் கூத்தும் பாட்டும் ஆண்டுக்கணக்கிற் பயின்றார். பின்னர்ப் புரூஸ் லீயின் 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி' (1972) என்னும் படத்தில், உதைபட்டுப் பறந்து விழும் பகைவனுக்கு டூப்பாக விழுந்தவர் அவரே. பெயர் அறியப்படாது விழுவார் நிலையை அவர் அறிந்தவர். பிழைத்த காட்சிகளை இறுதியிற் காட்டும் வழக்கத்தையும், தாம் நடித்த 'கேனன்பால் ரன்' (1981) என்னும் அமெரிக்கப் படத்தைக் கண்டே அவர் கைக்கொண்டார். அப்படத்தை இயக்கிய ஹால் நீதம் முன்னர் ஸ்டண்ட் தொழில் செய்தவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. 'போலீஸ் ஸ்டோரி'யில் (1985) மின்விளக்குகள் சுற்றிய கம்பத்தின் வழியே சறுக்கி உள்ளங்கை வெந்தார். 'ஆர்மர் ஆஃப் காட்' (1986) எடுக்கையில் யூகோஸ்லாவியாவில் மரக்கிளை முறிந்து பாறைமேல் வீழ்ந்து மண்டையோடு உடைந்து, அறுவை மருத்துவத்தால் உயிர் பிழைத்தார்.

2008 ஏப்ரலில் 'தசாவதாரம்' படத்தின் பாடல் வெளியீட்டு விழாவிற்கு அவர் சென்னை வந்தபொழுது இந்நகரத்தார் அவரை ஆரவாரித்து வரவேற்றனர். 2016இல் அவர்க்குச் சிறப்பு ஆஸ்கர் விருது அளிக்கப்பெற்றது. தலையுடைந்தும் எழுந்து நகைத்தவர் ஆதலின் அவரைக் கொண்டாடுகின்றோம். எழாதவரை யார் கொண்டாடுவர்?

இவ்விடத்தேதான் எம் நாணம் தொடங்குகின்றது. 2024 ஜூலையில் சென்னையில் ஒரு படப்பிடிப்பில் உயரத்திலிருந்து விழுந்த சண்டைக் கலைஞர் ஒருவர் மாண்டார். 2025 ஜூலை 13 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மற்றொருவர், கார் பறந்து கவிழும் காட்சியொன்றில் உயிர்நீத்தார். பின்னதன் காட்சிப்பதிவு கைப்பேசிகளிற் பரவிற்று, யாமும் கண்டோம். இரண்டாம் முறையும் கண்டோம் என்பதை மறைத்தல் ஆகாது. அதே வாரத்தில், வேறொரு படத்தின் முன்னோட்டத்தில் நாயகன் முதுகிற் கம்பியின் நிழல் தெரிந்ததென்று விடுதியறையில் நண்பருடன் கூடி எள்ளி நகையாடினோம். 'கயிறு தெரியுது' என்பது நம்மவர் வாயில் வசைச்சொல்லாகிவிட்டது. மெய்யாக விழுந்தாலன்றிக் கைதட்டோம் என்று நாம் கூறுங்கால், அச்சொல் அரங்கைக் கடந்து எங்குச் சென்று சேர்கின்றது என்பதை எண்ணினோமில்லை. பணம் போடுவோர் அதனைக் கேட்கின்றனர். ஸ்டண்ட் மாஸ்டர் கேட்கின்றார். நாட்கூலி இழக்க அஞ்சும் இளைஞரும் கேட்கின்றார்.

கயிறு கட்டினாற் கலை போய்விடும் என்பார் உளர். அவர்தம் கூற்றை எளிதில் தள்ளிவிடல் இயலாது. கழைக்கூத்தாடி வானத்தில் நடக்கையில் நம் நெஞ்சை நிறுத்துவது கீழே வலையில்லாமையன்றோ? ஆயினும் நகை எதனாற் பிறக்கின்றது என்று நோக்குக. 1928இல் பஸ்டர் கீட்டன் ஒரு படத்தில் அசையாது நிற்க, வீட்டின் முன்சுவர் முழுவதும் அவர்மேற் சாய்கின்றது. திறந்த சன்னல் அவர் தலையைச் சூழ்ந்து இறங்க, அவர் ஊறின்றி நிற்கின்றார். நம்மை நகைப்பிப்பது அளவும் காலமும். அவை பிழைத்திருப்பின் ஆண்டு நகையில்லை, பிணமே உண்டு. முள்ளைப் பற்றித் தொங்கும் உடலின் துடிப்பும், விழுமுன் முகத்தில் ஓடும் திகைப்பும், எழுந்தபின் தள்ளாடும் நடையும் பல்லாண்டுப் பயிற்சியின் விளைவு. இவற்றை எந்தக் கயிறும் தாராது; எந்தக் கயிறும் கெடுக்காது.

சிறப்பும் சிறிது சிறிதாக வருகின்றது. 2016ஆம் ஆண்டுப் படங்களுக்கான நம் நாட்டுத் தேசிய விருதுகளிற் சண்டைப் பயிற்சிக்கென முதன்முறையாகப் பரிசு வகுக்கப்பெற்று, 'புலிமுருகன்' என்னும் மலையாளப் படத்திற்காகப் பீட்டர் ஹெயினுக்கு வழங்கப்பெற்றது. ஆஸ்கர் குழுவினரும் 2027ஆம் ஆண்டுப் படங்கள் முதல் ஸ்டண்ட் வடிவமைப்பிற்கு விருதளிப்பதென 2025 ஏப்ரலில் அறிவித்தனர். இவை அமைப்பவர்க்கு உரியன. விழுபவர்க்கு உரியது பெயரோட்டத்தில் ஒரு வரி. அவ்வரி வருமுன் அரங்கின் விளக்குகள் எரிகின்றன, நாமும் எழுந்து செருப்பைத் தேடுகின்றோம். இறுதிவரை இருந்து பார்க்க வேண்டுமென்று எம்மைப் பிடித்து இழுத்த குப்பத்துச் சிறுவன் இவ்வகையில் நம் திறனாய்வாளர் பலரினும் மேம்பட்டவன்.

இதனை இத்துணை வருந்தி எழுதுதற்கு மற்றொரு காரணமும் உண்டு. எம் தோழர் பட்டம் பெற்றபின் ஸ்டண்ட் தொழிலிற் சேர விரும்புகின்றார். உடைந்த பாலத்தருகே மணலில் அவர் பின்கரணம் இடுவதைக் கண்டோர் அவ்விருப்பத்தைத் தவறென்னார். அன்றிரவு உணவின்பொழுது அவர் அதனைத் தந்தையாரிடம் உரைத்தார். இப்பொழுது அவர் கடலேறுவது ஃபைபர் படகில். கட்டுமரம் விட்டு ஆண்டுகள் பல ஆயின. அவர் ஆம் என்றுமிலர், அன்று என்றுமிலர். கையலம்பிவிட்டு வந்து, கொட்டகையின் மூலையிற் கிடந்த கயிற்றுச் சுருளை விளக்கருகே இழுத்துப் பிரி பிரியாகத் தடவிப் பார்த்தார். படப்பிடிப்பில் எத்துணைப் பருமனுள்ள கயிறு கட்டுவர் என்று மகனை வினவினார். எம் தோழர்க்கு அது தெரியவில்லை, எமக்கும் தெரியவில்லை.