விலைக்கு முன் விகிதம்

மாதிரி ரயில் வாங்குகிறவர் விலைக்கு முன்பே பார்க்க வேண்டியது அளவு விகிதம். உலகில் பரவலான ஹெச்.ஓ. அளவு 1:87; தண்டவாள அகலம் 16.5 மி.மீ. போத்தனூர், ஈரோடு வழியே செல்லும் 1,676 மி.மீ. அகலப்பாதையை அதே விகிதத்தில் சுருக்கினால் 19 மி.மீ.க்குச் சற்று மேலே வரும். எனவே ஹெச்.ஓ. தண்டவாளத்தில் ஓடும் இந்திய எஞ்சின் ஒரு சமரசமே. நல்ல தயாரிப்பாளர் அதை மறைப்பதில்லை. மேட்டுப்பாளையம்–உதகை மீட்டர்கேஜ் பாதையை அமைப்பவருக்கு 12 மி.மீ. தண்டவாளம் பொருந்தும்.

அடுத்தது மின்சாரம். பிகோ, ரோக்கோ நிறுவனங்களின் பெரும்பாலான எஞ்சின்கள் இரு தண்டவாள நேர்மின்சாரத்தில் ஓடுபவை. மார்க்லின் நிறுவனத்தின் ஹெச்.ஓ. எஞ்சின்களோ தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள சிறு முனைகளிலிருந்து மின்சாரம் எடுப்பவை. அவற்றின் சக்கரங்கள் இருபுறமும் மின்தொடர்பு கொண்டவை என்பதால், இரு தண்டவாளப் பாதையில் வைத்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகும். இதைக் கேட்காமலே எடுத்துச் சொல்பவரே நம்பத் தகுந்த விற்பனையாளர்.

பம்ப்செட் வாங்கும்போது உதிரிபாகம் கிடைக்குமா என்று விசாரிப்பது கோவைக்காரர் வழக்கம். அதே கேள்வி இங்கும் வேண்டும்: கார்பன் பிரஷ், சக்கர ரப்பர் வளையம், கொக்கி ஆகியவை தனியே கிடைக்குமா? எஞ்சினைக் கண்ணெதிரே முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டுவார்களா? 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மை ரயிலென்றால், 2021 முதல் கட்டாயமான ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா? தள்ளுபடியைவிட இந்த மூன்றுக்கும் கிடைக்கும் தெளிவான பதிலே பெரிய லாபம்.