கம்பியில்லா வலையமைப்பை அளக்கும் கருவிகள்: முதலில் கேள்வி, பின்னர் கொள்முதல்

அளவையே விஞ்ஞானத்தின் அடிப்படை. ஆயினும், அளக்கும் கருவியை வாங்குமுன் எதை அளக்கப் போகிறோம் என்று தெளிந்துகொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. அலுவலகம், மருத்துவமனை, கல்லூரி என எங்கும் வைஃபை வலையமைப்பு பரவிவரும் இந்நாளில், இக்குறை பொதுப்பணத்திற்கு நட்டம் விளைவிக்க வல்லது.

கலைச்சொற்களை மொழிபெயர்ப்போர்க்கு இக்குழப்பத்தின் வேர் எளிதில் புலப்படும். ‘வேகம்’ என்னும் ஒரே சொல்லை நாம் மூன்று பொருள்களில் வழங்குகிறோம். ஒரு நொடியில் உண்மையாகச் சென்று சேரும் தரவின் அளவு ஒன்று; தரவு போய்ச் சேர ஆகும் காலத்தாழ்வு மற்றொன்று; கணினியும் அலைபரப்பும் பெட்டியும் தமக்குள் அமைத்துக்கொள்ளும் இணைப்பு வீதம் மூன்றாவது. இணைப்பு வீதம் நொடிக்கு 144 மெகாபிட் என்று திரை காட்டினும், பயனாளர்க்குக் கிட்டுவது அதனினும் வெகுவாகக் குறைந்தே இருக்கும். ஒரே அலைவரிசையை அனைவரும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது அதற்கு ஒரு காரணம். பேச்சுத் தொடர்புக்கோ காலத்தாழ்வே முதன்மையானது; ஒருவழித் தாழ்வு 150 மில்லிநொடிக்குள் இருத்தல் நன்று என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டுதல்.

எனவே கேள்விக்குத் தக்க கருவியே வேண்டும். தரவின் அளவை அறிய ஐபெர்ஃப் என்னும் இலவச மென்பொருளும் இரண்டு கணினிகளும் போதும். ஒன்றைக் கம்பிவழி வலையமைப்புடன் இணைத்து, மற்றொன்றை அறைதோறும் கொண்டுசென்று அளக்கலாம். கைபேசிச் செயலிகள் காட்டும் இணைய வேகம் கட்டடத்திற்கு வெளியேயுள்ள வழி முழுவதையும் சேர்த்தே அளப்பதால், குறை எங்கே உள்ளது என்பதை அது மட்டும் காட்டிவிடாது. கம்பிவழிக் கணினியின் இணைப்பு 100 மெகாபிட் உடையதாயின், அதற்கு மேற்பட்ட எதையும் அளக்க இயலாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இடையூற்றை ஆராய்வது வேறு பணி. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத் கருவிகளும் அலைகளை வெளியிடுகின்றன. சாதாரண வைஃபை அட்டை பிற வைஃபை நிலையங்களை இனங்கண்டு காட்டுமேயன்றி, இவற்றை இன்னவை என்று காட்டுவதில்லை. இதற்கு அலைமாலைப் பகுப்பாய்வி தேவை. அது விலையுயர்ந்தது; ஆகையால் அலுவலகந்தோறும் ஒன்று வாங்குவதினும், பல அலுவலகங்கள் ஒன்றைப் பகிர்ந்துகொள்வதே சிக்கனம்.

அலையின் வலிமையை அளப்பதில் மற்றுமொரு எச்சரிக்கை உண்டு. 3 டெசிபெல் குறைந்தால் ஆற்றல் ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஓரிடத்தில் இரு கைபேசிகள் காட்டும் அளவுகள் இதனினும் மிகுதியாக வேறுபடுதல் கூடும். ஒரே கைபேசியைக் கொண்டு ஓர் அறையை மற்றோர் அறையோடு ஒப்பிடுவது பயன் தரும். ஆனால் ஒப்பந்தக்காரர் வாக்களித்த அளவு கிடைத்ததா என்று தீர்ப்புக் கூற அது சான்றாகாது. அதற்கு அளவுத்திருத்தம் செய்யப்பெற்ற கருவி இன்றியமையாதது. தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் மூல அளவைகளோடு தொடர்புபடுத்திச் சான்றளிக்கும் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடங்கள் நம் நாட்டில் உள்ளன. அளவுத்திருத்தச் செலவைக் கருவியின் விலையோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

விலைமிக்க கருவியை வாங்கிவிட்டால் ஐயம் தீர்ந்துவிடும் என்பார் சிலர். ஆளில்லா அறையில், விடுமுறை நாளில், வலையமைப்பை நிறுவியவரே எடுத்துக்காட்டும் அளவு எத்துணை நுட்பமாயினும், அதனால் நோயாளியின் அறிக்கைக்குக் காத்திருக்கும் மருத்துவர்க்குப் பயனில்லை. வேலை மிகுந்த நேரத்தில், அனைவரும் பயன்படுத்தும்போது, நிறுவியவரல்லாத பிறரொருவர் அளத்தல் வேண்டும். எதனை, எங்கே, எப்பொழுது, எவர் அளப்பது என்னும் நான்கையும் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே வரையறுத்துவிட்டால், எந்தக் கருவி தேவை என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும்.