கணினி முடங்கினால் நஷ்டம் யாருக்கு?

வணிகச் சகோதரர்களே! 2018 பிப்ரவரி 1 நினைவிருக்கிறதா? மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு 'இ-வே பில்' கட்டாயம் என்றார்கள். அன்றே இணையதளம் முடங்கியது. அன்றே உத்தரவும் தள்ளிவைக்கப்பட்டது. ராயபுரம் கிடங்கிலும் எண்ணூர் சாலையிலும் லாரி நின்றால் வாடகை ஏறுவது யார் தலையில்?

நம் நாட்டில் கணினி வல்லுநர்களுக்கா பஞ்சம்? இல்லை! முதலில் தேதி குறிப்பது, பிறகு வேலையைப் பார்ப்பது, இதுதான் நோய். ஜி.எஸ்.டி. மென்பொருளுக்கு 2015-லேயே இன்ஃபோசிஸுடன் 1,380 கோடி ரூபாய் ஒப்பந்தம். ஆனால் வரி விகிதங்களையும் விதிகளையும் கவுன்சில் முடிவு செய்ததோ 2017 மே, ஜூனில்! ஜூலை 1-இல் அமல். வரைபடம் தராமல் கொத்தனாரைக் குறை சொல்வதா? மாதம் மூன்று கணக்குத் தாக்கல் என்ற திட்டம் நவம்பரிலேயே நின்றது. வாங்கியவர், விற்றவர் பில்களை ஒப்பிடும் ஏற்பாடு இரண்டாண்டாகியும் வரவில்லை என்று 2019-இல் தணிக்கைத் துறைத் தலைவரே எழுதினார்.

இ-வே பில்லை மீண்டும் ஏப்ரல் 1-இல் தொடங்கியபோது, மாநிலத்துக்குள் போகும் சரக்குக்குப் படிப்படியாகவே கொண்டுவந்தார்கள். தமிழகத்தின் முறை ஜூன் 2. இந்த நிதானம் முதலிலேயே இருந்திருக்கலாமே!

தளம் முடங்கும் நாட்களுக்குத் தாமதக் கட்டணம் தானாகவே நீங்க வேண்டும். வணிகர் மனுப்போட்டு அலையக் கூடாது. இதைச் சட்டத்திலேயே எழுதக் கேட்போம். இளைஞர்களே, அதுவரை உங்கள் மஹல்லாவின் சிறு கடைக்காரர்களுக்கு உதவுங்கள். பிழை காட்டும் திரையைத் தேதி, நேரத்தோடு படமெடுத்துக் கொடுங்கள். அதிகாரி கேட்பது ஆதாரத்தைத்தான்.