பூனைக்குச் செல்லம், நாய்க்குத் தீவு: இஸ்தான்புல் சொல்லும் பாடம் என்ன?

2009-ல் அமெரிக்க அதிபர் ஒபாமா இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியாவைப் பார்க்கப் போனபோது, அங்கே குடியிருந்த ஒரு ஜீவனைக் குனிந்து தடவிக்கொடுத்தார். பெயர் ‘க்ளி’. ஆனா, கிளி இல்லை, பூனை! 2020 நவம்பரில் அது இறந்தது உலகம் முழுக்கச் செய்தியானது. கடை வாசலில் பூனைக்குச் சாப்பாடும் தண்ணீரும் வைப்பது அந்த ஊரில் சாதாரணம்.

சரி, அதே ஊரில் நாய்களுக்கு என்ன ஆச்சு?

1910-ல், ஐரோப்பிய நகரங்களைப் போல ஊரைச் ‘சுத்தமாக்க’ நினைத்த ஒட்டோமான் ஆட்சியாளர்கள், தெருநாய்களைப் பிடித்து மர்மரா கடலில் உள்ள சிவ்ரியாதா என்ற பாறைத் தீவில் கொண்டுபோய் விட்டார்கள். சுமார் 80,000 நாய்கள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. சோறும் இல்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை. பசியிலும் தாகத்திலும் அவை செத்துப்போயின. அடுத்தடுத்து வந்த போர்களையும் தோல்விகளையும் நாய்களின் சாபம் என்றே மக்கள் பேசிக்கொண்டார்கள்.

பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. தெருக்களில் மறுபடியும் நாய்கள் பெருகின. தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க 2024 ஜூலையில் துருக்கி நாடாளுமன்றம் மறுபடி சட்டம் போட வேண்டியிருந்தது. எதிர்த்தவர்கள் நினைவூட்டியது, அந்த 1910-ஐத்தான்.

இதற்குச் சென்னையும் சாட்சி. மாநகராட்சி பல பத்தாண்டுகள் நாய்களைப் பிடித்துக் கொன்றும் எண்ணிக்கை குறையவில்லை. கடைசியில் 1996-ல் கருத்தடைத் திட்டத்துக்கு மாறியது. காரணம் எளிது. தெருவில் குப்பையும் எச்சில் சாப்பாடும் இருக்கும்வரை, ஒரு நாய் போன இடத்துக்கு இன்னொன்று வரும். மிஞ்சியவை குட்டி போடும்.

அதுக்காக, நாய்க்கடிக்குப் பயப்படுபவர்களை இரக்கமற்றவர்கள் என்று ஒதுக்குவதும் சரியில்லை. ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். குழந்தையைத் தனியாகக் கடைக்கு அனுப்ப யோசிக்கும் அம்மாவிடம் ‘பாவம், வாயில்லா ஜீவன்’ என்று சொன்னால் போதாது.

‘எல்லா நாயையும் தூக்குங்க’ என்ற குரல் இப்போ இந்திய நகரங்களில் பலமாகக் கேட்கிறது. கேட்க வேகமான தீர்வு மாதிரி இருக்கும். ஆனா இஸ்தான்புல்லில் நூறு வருஷம் கழித்தும் அது பலிக்கவில்லை. வார்டு கவுன்சிலரிடம் கேட்க வேண்டியவை இரண்டுதான்: இந்தத் தெருவில் எத்தனை நாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போட்டாச்சு? குப்பையை தினமும் அள்ளுறாங்களா?