36 வந்தது சரி, 32 எங்கே?

லத்தீன்ல நடந்தாத்தான் அது பூசை, இப்ப நடக்கிறதெல்லாம் பாட்டுக் கச்சேரி என்று ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கிறது. பெரும்பாலும் என் வயசுப் பசங்க. பகல்ல பொட்டி தட்டுற வேலை, ராத்திரி யூட்யூபில் பிரான்ஸ் நாட்டுக் கோவில் வீடியோ, காலையில் வாட்ஸப் குரூப்பில் "எதையெல்லாம் இழந்துட்டோம் பார்த்தீங்களா" என்று ஒரு ஃபார்வர்டு. 2021 ஜூலையில் போப் பிரான்சிஸ் பழைய பூசைக்குக் கடிவாளம் போட்டதிலிருந்து இவங்க சோகம் இன்னும் கூடிப்போச்சு. இன்னொரு பக்கம், குத்துவிளக்கு ஏத்துறான், ஆரத்தி எடுக்கிறான், எல்லாம் எங்ககிட்ட சுட்டது என்று வேறொரு கோஷ்டி. இந்த ரெண்டு பேருக்கும் நடுவில் "நாங்க அறுபதுகள்லயே தமிழுக்கு மாறிட்டோம்ல" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளும் எங்க ஆளுங்க. முதல் ரெண்டு கோஷ்டியையும் சீக்கிரம் முடிச்சிடலாம். எனக்குப் பஞ்சாயத்து மூணாவது கோஷ்டியோடதான்.

லத்தீன் அன்பர்களே, எங்க பாட்டி கடலூர்க்காரங்க. இருபது வயசு வரைக்கும் லத்தீன் பூசை 'பார்த்தவங்க'. கவனிங்க, பார்த்தவங்க. சாமியார் பீடத்தைப் பார்த்து நிப்பார், சனங்க அவர் முதுகைப் பார்க்கும். அவர் முணுமுணுக்கிறது கேக்காது, கேட்டாலும் புரியாது. மணி அடிச்சா முட்டி போடணும், திரும்ப அடிச்சா எழுந்திரிக்கணும். "பூசை நேரத்துல நீங்க என்ன பண்ணுவீங்க பாட்டி"ன்னு கேட்டா, "அம்பத்துமூணு மணிச் செபம் சொல்லுவோம்" என்பாங்க. அதாவது அங்கே ஒரு வழிபாடு, இங்கே ஒரு வழிபாடு, ஒரே கூரை. நீங்க 'மறைபொருள்' என்று உருகுறதுக்குப் பாட்டி அகராதியில் 'ஒண்ணும் வெளங்கல' என்று பேர்.

'சுட்ட' கோஷ்டிக்குப் பதில் இன்னும் சின்னது. எண்ணெய் விளக்கு யார் பாட்டன் வீட்டுச் சொத்தும் இல்லை. கரண்ட் வர்றதுக்கு முன்னாடி எங்க வீட்டுலயும் அதுதான் எரிஞ்சது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

1570இல் ஐந்தாம் பயஸ் பூசைப் புத்தகத்தை உலகத்துக்கெல்லாம் ஒண்ணுன்னு ஆக்கினார். அதுக்கப்புறம் ஏறக்குறைய நானூறு வருஷம் பெரிய மாத்தம் கிடையாது. இருபதாம் நூற்றாண்டில்தான் கொஞ்சம் கொஞ்சமாக இளக ஆரம்பிச்சது. 1951இல் பாஸ்கா திருவிழிப்பு சனிக்கிழமை காலையிலிருந்து ராத்திரிக்குத் திரும்பியது, 1955இல் புனித வாரச் சடங்குகள் திருத்தப்பட்டன. அப்புறம் இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1963 டிசம்பர் 4ஆம் தேதி திருவழிபாடு பற்றிய ஏட்டுக்கு ஓட்டெடுப்பு. ஆதரவு 2147, எதிர்ப்பு 4. ஆமா, வெறும் நாலு. நம்ம அப்பார்ட்மெண்ட் அசோசியேஷன்ல தண்ணி மோட்டார் மாத்துறதுக்குக்கூட இதைவிட அதிக எதிர்ப்பு வரும்.

அந்த ஏட்டில் மொத்தம் 130 எண்கள். 36ஆம் எண்தான் தாய்மொழிக்குக் கதவைத் திறந்தது. அதுலயும் லத்தீன் இருக்கட்டும், தாய்மொழிக்கும் இடம் கொடுக்கலாம், எவ்வளவு என்று அந்தந்த ஊர் ஆயர்கள் முடிவு பண்ணட்டும் என்றுதான் எழுதியிருக்கு. ஆனா வெள்ளம் வந்தா மதகு கணக்கு பார்க்குமா? 1967க்குள்ள பூசையின் நடுப்பகுதி வரைக்கும் தாய்மொழியில் சொல்ல அனுமதி வந்துவிட்டது. 1969 நவம்பர் கடைசியிலிருந்து ஆறாம் பவுலின் புதுப் பூசைப் புத்தகம். சாமியார் சனங்க பக்கம் திரும்பினார். பல கோவில்களில் நற்கருணை வாங்க முட்டி போடும் கிராதியைப் பேர்த்தெடுத்தாங்க. ஒரே வருஷ வாசகச் சுற்று போய், ஞாயிறுகளுக்கு மூணு வருஷச் சுற்று வந்தது. (இதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னால வேணும்.)

தமிழ் என்றால் சும்மா மொழிபெயர்ப்பு மட்டும் இல்லை. பாட்டி காலத்துச் செபத்தில் சர்வேசுரன், அர்ச்சியசிஷ்டவர், இஸ்பிரீத்து சாந்து. கடைசியா சொன்னது அப்படியே போர்த்துக்கீசியம்! இன்னிக்கு இறைவன், புனிதர், தூய ஆவி. ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆச்சு, பூசை திருப்பலி ஆச்சு, சுவிசேஷம் நற்செய்தி ஆச்சு. பாட்டி இன்னும் 'பூசை'தான். நானும் அப்படித்தான், என்ன பண்றது. ஆனாலும் ஒரு தலைமுறைக்குள்ள ஒரு சமயத்தின் சொற்களஞ்சியத்தையே கழட்டி மாட்டினது சாதாரண வேலை இல்லை. தனித்தமிழ் இயக்கத்துக்காரங்க பொறாமைப்படணும்.

இதில் எங்க மண்ணுக்கு ஒரு தனிப் பெருமை இருக்கு. பழைய தென்னார்க்காட்டில் கல்லேரி என்று ஒரு ஊர். அங்கே பிறந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சாமியார்கள். அண்ணன் சைமன் லூர்துசாமி பெங்களூர் பேராயர் ஆகி, ரோமுக்குப் போய் 1985இல் கர்தினால் ஆனார். தம்பி அமலோற்பவதாஸ் 1967இல் பெங்களூரில் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்துக்கு முதல் இயக்குநர். 1969 ஏப்ரலில் ரோம் இந்தியாவுக்கென்று அனுமதித்த 12 அம்சங்களை ஊரெல்லாம் பரப்பினது அந்த மையம்தான். செருப்பைக் கழட்டிட்டு தரையில் உட்காரலாம், முட்டி போடுறதுக்குப் பதில் கைகூப்பலாம், முத்தமிடுறதுக்குப் பதில் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கலாம், மெழுகுவர்த்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு, சாமியாருக்கு அங்கவஸ்திரம், அப்புறம் ஆரத்தி. இந்து நூல்களிலிருந்து வாசகம், இந்தியாவுக்கென்று தனி நற்கருணை மன்றாட்டு என்றெல்லாம் போனபோது, 1975இல் ரோம் "போதும், நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டது. அமலோற்பவதாஸ் 1990இல் சாலை விபத்தில் போய்விட்டார்.

நான் அவரை மதிக்கிறேன். ஆனா அந்தப் பட்டியலை ஒருதரம் உரக்கப் படிச்சுப் பாருங்க. ஆரத்தி, அஞ்சலி, பஞ்சாங்க நமஸ்காரம், அங்கவஸ்திரம். 'இந்தியப் பண்பாடு' என்று எடுத்து வந்ததெல்லாம் எந்தத் தெருவிலிருந்து வந்திருக்கு? எங்க மறைமாவட்டத்துக் கத்தோலிக்கர்களில் பெரும் பங்கு சேரிச் சனங்க. அவங்க சாவுக்கும் சடங்குக்கும் அடிச்ச பறை அந்தப் பன்னிரண்டில் இல்லை. புராட்டஸ்டண்ட் பக்கம் மதுரை இறையியல் கல்லூரியில் பரட்டை என்கிற தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையையும் பறையையும் வழிபாட்டுக்குள்ள கொண்டுவந்தார். எங்க பக்கம் அது பீடத்துக்கு வர ரொம்ப காலம் பிடிச்சது. இன்னிக்கும் பல ஊரில் விழா மேடையோட நிக்குது.

இப்ப 2008க்கு வாங்க. மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை. சிதம்பரம் நடராசர் கோவிலில் சிவனடியார் ஆறுமுகசாமி திருச்சிற்றம்பல மேடையில் ஏறித் தேவாரம் பாடப் போனார். கையில் அரசாணை, கூட போலீஸ். தீட்சிதர்கள் மறிக்க, தள்ளுமுள்ளு, கைது. தமிழ்நாட்டில், தமிழில், தமிழ் பிறந்த கோவிலில் பாடறதுக்கு! 2014இல் சுப்ரீம் கோர்ட் கோவில் நிர்வாகத்தைத் திரும்ப தீட்சிதர்கள் கையில் கொடுத்ததும், 2022இல் கனகசபையில் ஏற மறுபடி ஒரு அரசாணை தேவைப்பட்டதும் வேற கதை. நான் பிற்பாடு சிதம்பரத்தில் இன்ஜினியரிங் படிச்சப்ப ஹாஸ்டலில் இந்தப் பேச்சு வரும். எங்க கத்தோலிக்கப் பசங்க உடனே "எங்க கோவில்ல பார்றா, எப்பவோ தமிழ்" என்று ஆரம்பிப்பானுங்க.

அதே 2008. அடுத்த ஞாயிறு. மார்ச் 9. அதே பழைய தென்னார்க்காடு. எங்க புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூர். அப்ப விழுப்புரம் மாவட்டம், இப்ப கள்ளக்குறிச்சி. தலித் கத்தோலிக்கர்கள் தங்களோட சகாய மாதா கோவிலைத் தனிப் பங்காக அறிவிக்கச் சொல்லி உண்ணாவிரதம் இருந்தாங்க. காரணம் ஊருக்கே தெரியும். கல்லறை தனி, பிணவண்டி தனி, பெரிய கோவில் தெரு வழியா பாடை போகக்கூடாது. அவங்க வீடுகள் மேல வன்னியக் கத்தோலிக்கர்கள் தாக்குதல் நடத்தினாங்க. போலீஸ் சுட்டதில் வன்னியக் கத்தோலிக்கர் ரெண்டு பேர் செத்தாங்க. அடிச்சவனும் கத்தோலிக்கன், அடி வாங்கினவனும் கத்தோலிக்கன், செத்தவனும் கத்தோலிக்கன். குருத்து ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு அது.

மூணு வருஷச் சுற்று சொன்னேன் இல்லையா. 2008 முதலாம் ஆண்டுச் சுற்று. தவக்காலம் ஐந்தாம் ஞாயிறுக்கு நற்செய்தி லாசரை உயிர்ப்பிக்கிறது. கல்லறைக் கல்லை எடுங்கன்னு இயேசு சொல்ற இடம். உலகம் பூரா அன்னிக்கு அதைத்தான் வாசிச்சாங்க. நம்ம ஊர்ல நல்ல தமிழில் வாசிச்சிருப்பாங்க. ஒரு எழுத்து விடாம எல்லாருக்கும் புரிஞ்சிருக்கும்!

இதான் என் கேள்வி. அதே ஏட்டில் 36க்கு நாலு எண் முன்னாடி, 32 என்று ஒண்ணு இருக்கு. சுருக்கம் இதுதான்: திருப்பணிப் பொறுப்பையும் திருநிலையையும், அரசு அதிகாரிகளுக்கு உரிய மரியாதையையும் தவிர, வழிபாட்டில் எந்தத் தனியாளுக்கும் எந்த வகுப்புக்கும் தனி மரியாதை கிடையாது, சடங்கிலும் கிடையாது வெளித்தோற்றத்திலும் கிடையாது. அதே 2147 ஓட்டு. அதே தேதி. 36 ஆறு வருஷத்தில் ரிலீஸ் ஆகி ஊரெல்லாம் ஓடுது. 32 அறுபது வருஷத்துக்கு மேலா ஓப்பன்ல கிடக்குற டிக்கெட்.

ஏன்னு கேட்டா ரெடியா ஒரு பதில் இருக்கு. "தம்பி, மொழி ஆயர் கையில இருந்துச்சு. ஜாதி சமுதாயத்துல இருக்கு. மனசு மாறணும், படிப்படியாத்தான் வரும்." அய்யா, லத்தீன் போனப்ப யார் மனசு மாறக் காத்திருந்தீங்க? பாட்டி தலைமுறையில் எத்தனை பேர் "சாமியார் நம்மளப் பார்த்து நிக்கிறாரே, பாவம் ஆச்சே" என்று அழுதாங்க தெரியுமா? ஒரு சுற்றறிக்கை வந்தது, அடுத்த ஞாயிறு பீடம் திரும்பியது, அவ்வளவுதான். நானூறு வருஷப் பழக்கத்துக்கு ஆறு வருஷம் போதும்னா, கல்லறை வேலிக்கு மட்டும் எத்தனை தலைமுறை வேணும்? பெரும்பாலான ஊரில் கல்லறை நிலம் கோவில் சொத்து. பிணவண்டி பங்கு சொத்து. தேர் எந்தத் தெருவில் போகணும், எந்தத் தெருவுக்குத் திரும்பக்கூடாது, உபயம் யாருக்கு, கொடி யார் தூக்கணும் என்று எழுதுற நோட்டு பங்குச் சாமியார் மேசையில் இருக்கு. அதுல எது ஆயர் கையில் இல்லை? 36 யாருக்கும் நஷ்டம் இல்லை, சாமியார் தமிழ் உச்சரிப்பு பழகினாப் போதும். 32 வந்தா சில குடும்பங்களோட முதல் மரியாதை போகும், திருவிழா வசூல் குறையும். வித்தியாசம் இவ்வளவுதான்.

இந்த வியாதிக்கு வயசு அதிகம். 1623இல் ரோம் நொபிலிக்குக் குடுமி, பூணூல், சந்தனம் எல்லாம் அனுமதிச்சது. சரி, பண்பாடு. ஆனா 1704இல் புதுச்சேரிக்கு வந்த போப்பின் தூதர் தூர்னோன் போட்ட ஆணையில் ஒரு விஷயம் என்ன தெரியுமா? பறையர் வீட்டில் ஆள் சாகக் கிடந்தா, வீட்டுக்குள்ள போய் அருட்சாதனம் கொடுங்கன்னு சாமியார்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. நாப்பது வருஷம் இழுபறி. 1744இல் கண்டுபிடிச்ச தீர்வு, பறையருக்கென்று தனிச் சாமியார்கள். ஜாதியை விட முடியல, சாமியாரைப் பிரிச்சாச்சு!

ஆனா முடியாதுன்னும் இல்லை. அடுத்த வருஷமே, 1745இல், புதுச்சேரி சம்பா கோவிலுக்குள்ள பறையரைப் பிரிச்சு வெச்சிருந்த சுவரைப் பத்தி ஆனந்தரங்கப் பிள்ளை டைரியில் எழுதியிருக்கார். அந்தச் சனங்க போய் சாமியாரிடம் நேருக்கு நேர் நியாயம் கேட்டாங்க, சுவர் இடிஞ்சது. பூசை லத்தீன்லதான் நடந்துச்சு அப்ப. சுவரை இடிக்க சங்கமும் தேவைப்படல, தமிழும் தேவைப்படல.

டிஸ்கி: "வீட்டு விஷயத்தை ஏன்டா வெளியில பேசுறே" என்று கட்டாயம் ரெண்டு பேர் வருவீங்க. 2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்களை உட்கார வெச்சு இரண்டாம் ஜான் பால் இதைப் பத்திப் பேசினார், அது ஊரறிய வெளிவந்த உரை. 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை என்று புத்தகமே போட்டது. ரகசியம் எல்லாம் பிள்ளைவாள் டைரி எழுதின நாளோட போச்சு.